ஒற்றைக் காலில் திரும்புதல்

காலை வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கின்றன. தலையில் உப்புக்கூடையோடு சிவசங்கரி வரப்பில் நடக்கிறாள். முட்டிச் சில்லு அடிக்கடி விலகி விழுந்துகொண்டிருந்தவள், ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் கூடை தூக்குகிறாள். கால் நின்றால்தான் வேலை. "எனக்கு எலும்பயே வெட்டி நவுத்தி ஸ்குரு போட்டாங்க. உங்களுக்கு சில்லப் புடிச்சிருக்கற நார வெறுமனே தச்சதுதானே அண்ணி, தாங்குமா?" எதிர் வரப்பிலிருந்து, அதே சில்லுக் கோளாறுக்கு முன்பே ஆபரேஷன் ஆன கொழுந்தன் அறிவழகன் தன் முட்டித் தழும்பைத் தட்டிச் சீண்டுகிறான். "உனக்கு எலும்பு கோணல், எனக்கு நாரு அறுந்துது. வாய மூடிட்டுப் பாருடா!" வரப்பின் முனை ஓரடி அகலம், ஒற்றைக் காலில் சுழன்றால்தான் திரும்ப முடியும். அங்கேதான் சில்லு எப்போதும் நழுவும். அவள் ஆபரேஷன் ஆன வலது காலை ஊன்றிச் சுழல்கிறாள். உப்பு சிதறுகிறது, சில்லு நழுவவில்லை. "டேய், நிக்குதுடா!" கூடையைக் கொட்டப் போகாமல், அங்கேயே இன்னொரு சுற்றுச் சுற்றுகிறாள்.