கை வராது

பணி ஓய்வு பெற்று, அலுவலக ஜீப்பும் அதன் டிரைவரும் போன பிறகுதான் அருமைநாயகம் சொந்தக் காரை ஓட்டிப் பார்த்தார். தெருமுனையில் ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது.

மெக்கானிக் சிக்கந்தர் காருக்கடியிலிருந்து எழுந்து வந்தார். "பவர் ஸ்டியரிங் ரேக் ரொம்ப நாளா ஒழுகியிருக்கு அண்ணாச்சி. ஆயில் ஒரு சொட்டு இல்ல. இத ஓட்டுன கை லேசுப்பட்ட கை இல்ல."

ஓட்டியது அருமைநாயகத்தின் மனைவி ஜெபமணி. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும்போது, ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து சீட்டிலிருந்து அவர் சொல்வார்: "உனக்குக் கை வராது. விட்டுரு." போன வருடம் அவள் விட்டுவிட்டாள்.

புது ரேக் மாட்டியதும் ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குச் சுழன்றது. வீட்டுக்கு வந்து சாவியை நீட்டினார்.

"ரேக்தான் போயிருந்துச்சாம். இப்ப பூ மாதிரி திரும்புது. நீ ஓட்டிப் பாரேன்."

மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கிய ஜெபமணி, அதை ஆணியில் மாட்டினாள்.

"எனக்குத்தான் கை வராதே."

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அதை நம்பிச் சொன்னாள்.