மறதிக்காரி

“அப்பா, தண்ணி பாட்டிலைக் கீழேயே விட்டுட்டு வந்துட்டேன்.”

சட்டைக் காலரை மிஷினில் பாதி ஓட்டியிருந்த டெய்லருக்குச் சுர்ரென்று ஏறியது.

“நேத்து பென்சில் டப்பா. முந்தாநேத்து ஒத்தைச் செருப்பு. ஒத்தைச் செருப்போட மூணு மாடி எப்படிடி ஏறி வந்தே?”

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போ, நீயே போய் எடுத்துட்டு வா.”

“வீட்டுப்பாடம் எழுதணும்ப்பா.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. “நான் கை வேலையா இருக்கேன். நீங்களே ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்.”

லிஃப்ட் இல்லாத கட்டடம். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கேட்டுக்குப் பக்கத்தில் பாட்டில் பத்திரமாக இருந்தது. எடுத்துக்கொண்டு மறுபடியும் அத்தனை படியும் ஏறி வந்து, மகளை இன்னொரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

டெய்லர் காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பிடவும் தூங்கவும்தான் எழுந்திருப்பார். மோட்டார் மாட்டிய பிறகு மிதிக்கிற வேலையும் இல்லாமல் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு படபடக்கிறது என்று போனபோது டாக்டர் கறாராகவே சொல்லிவிட்டார்.

“தினமும் நடங்க. இப்படியே உட்கார்ந்திருந்தா உங்க இதயம் ரொம்ப நாள் தாங்காது.”

“நான் நடக்கப் போயிட்டா என் பொழப்பை யார் பார்ப்பா டாக்டர்?” என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

இப்போது அவர் கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். விரல் நீளப் பென்சிலைக்கூடத் தொலைக்காத பிள்ளை, ஒரு மாதமாக எதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் திரிகிறாள். அந்தப் புது பி.டி. டீச்சர் பள்ளிக்கு வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து.

மறுநாள் கணக்கு நோட்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். டெய்லர் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். வாங்கு வாங்கென்று வாங்கியதில் அவள் கண் கலங்கிவிட்டது. அதைக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று பள்ளிக்கு நடந்தார்.

நோட்டு வகுப்பறையில் கிடைத்தது. அதோடு விடுவதாக இல்லை.

மைதானத்தில் பி.டி. டீச்சர், பள்ளி விட்ட பிறகும் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு குதித்துக்கொண்டிருந்தார். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. குதித்து முடித்ததும் எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடித் துடிப்பை எண்ணினார்கள். கோபத்திலும் அது அவர் கண்ணில் பட்டது.

“டீச்சர், என் பொண்ணை இனிமே உங்க பீரியடுக்கு அனுப்புறதா இல்லை. அந்த நேரத்துல ரெண்டு கணக்காவது போடட்டும்.”

“ஏன் சார்?”

“ஓடு, ஆடு, குதின்னு புத்தியைக் கெடுத்து வச்சிருக்கீங்க. எதை எடுத்தாலும் மறதி! ஒரு மாசமா நான் படி ஏறி இறங்கியே ஓஞ்சு போறேன்.”

டீச்சர் மைதான ஓரத்து மேஜைக்குப் போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அட்டையில் மகளின் பெயர்.

“நடந்தா ஓடினா உடம்புக்கு நல்லதுன்னு நான் போர்டுல எழுதிப் போட்டா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடும் சார். கண்ணால பார்க்கட்டும்னுதான் ஒரு வேலை குடுத்தேன். வீட்டுல ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்கிறவங்க ஒருத்தரை, அவங்களுக்கே தெரியாம தினமும் நடக்க வைக்கணும். அவங்க மூச்சு எப்படி இருக்குன்னு பார்த்து எழுதணும்.”

டெய்லர் நோட்டைக் கையில் வாங்கினார்.

“பாதிப் பேர் ரெண்டாம் நாளே விட்டுட்டாங்க. ஒரு நாள்கூட விடாம எழுதினது இவ ஒருத்திதான். ஒரு வாரம் போதும்னு நானே சொன்னேன். ‘எங்கப்பாவுக்குப் போதாது டீச்சர்’னுட்டா.”

டெய்லர் நோட்டைப் பிரித்தார். கொட்டை கொட்டையான எழுத்து.

‘முதல் நாள். பாட்டில். அப்பா இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப மூச்சு வாங்கியது. நான் மேலேயிருந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.’

‘ஏழாம் நாள். குடை. அப்பா உட்காரவில்லை. கொஞ்சம் நின்றார்.’

‘பதினெட்டாம் நாள். செருப்பு. அப்பா எங்கேயும் நிற்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா எனக்கு முத்தம் கொடுத்தாள்.’

எழுத்துகள் மங்கின. டெய்லர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை நாள், எத்தனை திட்டு! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாளா இந்தப் பொடிசு?

கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நேற்றைய தேதி.

‘பாட்டில். அப்பா மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறி வந்தார். வந்ததும் என்னை ரொம்ப நேரம் திட்டினார். பரவாயில்லை. திட்டும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கவே இல்லை.’