இருபத்தாறாவது அடி

“பாத்து நடக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டார் மேலாளர், நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து.

பத்து வயதில் போன கண் எனக்கு. அன்றிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு.

எங்கே இடித்துக்கொண்டேன் என்று அவரிடம் சொன்னேன். விழா முடியட்டும், மனுவாக எழுதிக் கொடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இந்த அலுவலகத்தில் விசாரணை மேசை என்னுடையது. கண் உள்ளவர்களுக்கு வழி சொல்வது என் வேலை. எந்த அறை எந்த மாடியில் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். காலையில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிடும்போது அக்காகூட, ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் இப்படி வந்து நிற்கிறாயே என்று கேலி செய்தாள்.

தெரு வாசலிலிருந்து என் மேசை வரை, கோடு கோடாகப் புடைத்த மஞ்சள் டைல்ஸ் பதிக்கச் சொல்லி நான்கு வருடம் மனு எழுதினேன். எனக்காக அல்ல. எனக்கு இந்தக் கட்டடம் அத்துப்படி. பார்வை இல்லை என்று சான்றிதழ் வாங்க வந்த ஒருவர், கட்டடத்துக்குள் நுழையும் வழி எது என்று தெரியாமல் வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். அன்றுதான் முதல் மனு எழுதினேன்.

கல்லும் கரையும் என்பார்கள். கோப்பும் கரைந்தது. டைல்ஸ் வந்தேவிட்டது.

இன்று திறப்பு விழா. ஆணையர் வந்திருந்தார். கேமராக்கள் வந்திருந்தன. வாசலில் நாற்பது பேராவது இருப்பார்கள்.

மேலாளர் என் விரல்களுக்கு நடுவே ஒரு பேனாவைச் செருகினார். தாளில் இருந்ததை ஒரே மூச்சில் வாசித்தார். பாதையில் நடந்து பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டால், இன்னும் பதினோரு அலுவலகங்களில் இதையே அச்சுப் பிசகாமல் செய்வார்கள். போடாவிட்டால், இவர்களுக்கு எது செய்தாலும் திருப்தி வராது என்று சொல்லி இதோடு மூட்டை கட்டிவிடுவார்கள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஆணையரின் குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

“நடந்து பாத்துட்டே போட்டுடறேன் சார். நீங்களும் என்கூட வாங்களேன், கண்ண மூடிக்கிட்டு.”

கேமராக்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து ஆணையரும்.

பார்வையற்றோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம் என்று ஐந்து நிமிடம் முன்புதான் ஒலிபெருக்கியில் பேசியிருந்தார். இப்போது என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

டைல்ஸில் குறை சொல்ல முடியாது. செருப்புக்கு அடியில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. நான் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பதினைந்தில் அவர் சிரித்தார். இருபதில் என் முழங்கையை விட்டுவிட்டார்.

“அட, காலே வழி சொல்லுதேம்மா. நானே போறேன், நீங்க மெதுவா வாங்க.”

இருபத்திரண்டு. இருபத்துமூன்று.

நிறுத்தியிருக்கலாம். ‘சார்’ என்பது தொண்டை வரை வந்தது. மனுவாக எழுதிக் கொடுக்க நேரம் போதாது என்று விட்டுவிட்டேன்.

கண் திறந்திருந்த நாற்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆணையரை நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? ஒருவர்கூட இருமவில்லை.

இருபத்தாறு.

ஒரு சத்தம். ஒரு ‘அம்மா’. துணி சரிந்து விழும் ஓசை. அதற்குப் பிறகுதான் நாற்பது பேருக்கும் வாய் வந்தது. பாத்து சார், பாத்து என்றார்கள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்பது குரல் வந்த உயரத்திலேயே தெரிந்தது.

“யாருய்யா இத நடு வழியில வச்சது?”

மேலாளர் மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகமாக இருந்தது. பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. கையெழுத்தைக் கேட்பாரில்லை.

பதில் எனக்குத் தெரியும்.

நேற்று மாலை, புதுப் பாதையை நம்பி, கோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு முதல் ஆளாக நடந்தவள் நான். இடிபட்ட முழங்காலைத் தடவிய கையோடு, இடித்த கல்லையும் துணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். அடியில் சிமெண்டு அப்போது காயக்கூட இல்லை. வெட்டியிருந்த எழுத்து ஒவ்வொன்றும் விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பத்து வயது வரை எழுதிப் படித்த எழுத்து மறக்குமா?

பாதையைத் திறந்து வைத்தவர் என்று, முதல் வரியிலேயே அவர் பெயர்.