படலைக்கு வெளியே

"வாக்கு உங்களுக்குத்தான் ஐயா. ஆனா உள்ளுக்கு வரவேண்டாம்."

படலையைத் திறக்காமலேயே சொன்னாள் கமலாவதி. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏன் பிள்ளை, என்னிலை ஏதும் கோபமோ?" என்றார் வேட்பாளர் சோமசேகரம்.

"சீ, உங்களிலை ஆர் கோவிப்பினம்? நாளைக்குச் சின்னவளுக்குக் காதுகுத்து. அதுதான் யோசிக்கிறன்."

காதுகுத்துக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று சோமசேகரத்துக்குப் பிடிபடவில்லை. காலையிலிருந்து இது ஆறாவதோ ஏழாவதோ வீடு. எல்லாரும் வாக்குத் தருகிறார்கள். ஒருவரும் வாசலைத் தரவில்லை. ஊரே கூடி ஒரு நாடகத்தை ஒத்திகை பார்த்துவிட்டு, தன்னை மட்டும் வசனம் தெரியாமல் மேடையில் ஏற்றிவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

திரும்பிவந்து ஓட்டோவில் ஏறினார். ஓட்டோக்காரன் ஜெயசுதன்தான் அவருடைய தேர்தல் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பு.

ஒருகாலத்தில் சோமசேகரம் மாகாண சபை உறுப்பினர். அந்தத் தேர்தலில் அவருக்காகப் படியேறி இறங்கியவர் அவருடைய அம்மா, இரத்தினம்மா ரீச்சர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பிறகு அம்மா சோமசேகரத்தின் தங்கச்சியோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். அடுத்து நின்ற நாடாளுமன்றத் தேர்தலில் மகன் மண் கவ்வினார். இப்போது பிரதேச சபை. இதிலும் தோற்றால் அரசியலுக்கு முழுக்கு என்று மனைவி பத்மாவதிக்குச் சத்தியம் செய்திருந்தார். இதற்குக் கீழே இறங்கப் படியும் இல்லை.

"எங்கடை போஸ்டர் எல்லாத்தையும் பொலிஸ் கிழிச்சுப்போட்டுது. முகத்தைக் காட்டினாச் சனம் படலையைச் சாத்துது. என்னடாப்பா நடக்குது?"

"விடுங்கோ அண்ணை. மதிலிலை ஒட்டக்கூடாதெண்ட சட்டம் தேர்தல் போஸ்டருக்கு மட்டுந்தானே," என்றான் ஜெயசுதன்.

"தாடி வேறை அரிக்குது. வழிச்சுப்போட்டு வரட்டோ?"

"வேண்டாம் அண்ணை. சனத்துக்காக அலையிற ஆள் மாதிரி, நல்லா இருக்கு."

அடுத்தது பொன்னம்பலத்தின் வீடு. போன தேர்தலில் இவரைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிட்ட மனிதர். இன்று நாயைக் கட்டிவிட்டுப் படலைக்கு வந்தார்.

"தம்பி, எல்லாம் அறிஞ்சன். எங்கடை வீட்டு வாக்கு முழுக்க உனக்குத்தான்."

"பெரிய சந்தோஷம் அண்ணை."

பொன்னம்பலம் அவரை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கீரிமலைக்கு எப்ப?" என்று கேட்டார்.

கேணியில் முழுகி நகுலேஸ்வரரைக் கும்பிடுவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தார் சோமசேகரம். "வெண்ட உடனை போவம் அண்ணை. வான் பிடிச்சு, மேளதாளத்தோடை."

"மேளத்தோடையோ?"

"பின்னை? வெடியும் கொளுத்துவம்."

பொன்னம்பலம் படலையிலிருந்து ஓரடி பின்வாங்கினார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், "பாவம், பெடியனுக்கு மூளையிலை தட்டிப்போட்டுது," என்றது வெளியே கேட்டது.

சுன்னாகம் சந்தையடியில் ஓட்டோ நின்றது. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த மதிலைப் பார்த்த சோமசேகரம், இறங்க வைத்த காலை அப்படியே வைத்திருந்தார்.

'கண்ணீர் அஞ்சலி' என்றது மதில். அதில் அம்மாவின் படம். 'கனடாவில் இறைபதம் அடைந்த இளைப்பாறிய ஆசிரியை இரத்தினம்மா. அந்தியேட்டிக் கிரியைகள் கீரிமலையில் நடைபெறும்.' கீழே, துயரில் வாடும் மகன் என்று அவருடைய படம். நேற்றிரவு ஒட்டியிருக்கவேண்டும்.

படலைகள் ஏன் திறக்கவில்லை என்று இப்போது விளங்கியது. சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரனை யார் வீட்டுக்குள் எடுப்பார்கள்? ஊர் முழுக்க அறிந்திருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. மேளதாளத்தோடு போவோம் என்று சொன்ன தன்னுடைய வாயிலேயே அடித்துக்கொண்டார்.

"அண்ணை, அது வந்து..." என்று ஜெயசுதன் தொடங்கினான். அவர் காதில் விழவில்லை. கனடாவுக்கு அழைத்தார். அங்கே விடிகிற நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தங்கச்சியின் அழுகைக்குரலை எதிர்பார்த்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"தம்பி, ஒட்டிப்போட்டாங்களோ?"

அம்மாவின் குரல்.

"அம்மா... நீங்களோ?"

"உன்ரை படத்தை என்ரை படத்திலும் பெரிசாப் போடச் சொல்லி ஜெயசுதனுக்குச் சொன்னனான், மோனை. போட்டவனோ?"