மகாராணியின் பல்லக்கு

மூன்று மாடி இறங்குவதற்குள் தையல்காரருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. கையில் மகாராணி, இருபது கிலோ நாய். பின்னங்கால்கள் தள்ளாட ஆரம்பித்த மூன்று வாரமாக அவர்தான் அதற்குப் பல்லக்கு.

"இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும்," என்றாள் பின்னாலேயே வந்த மனைவி. "ஒண்ணு, அது நடக்கணும். இல்லேன்னா ஊசி போட்டு அனுப்பிடணும். உங்க இடுப்பையும் சேர்த்துப் பார்க்க என்னால முடியாது."

அவருக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

கால்நடை டாக்டர் நாயின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "முதுகெலும்புல கிருமி புகுந்து அரிச்சிருக்கு. குட்டி போட்டுச்சா?"

"ரெண்டு மாசம் ஆச்சு. நாள் ஆகறதுக்கு முன்னாடியே போட்டுடுச்சு. நாலும் தங்கல," என்றார் தையல்காரர்.

"இவர் சும்மா விட்டாரா? ஒவ்வொண்ணா வாயோட வாய் வச்சு ஊதினார்," என்றாள் மனைவி. "நான் பிள்ளை பெத்தப்போ ஆஸ்பத்திரி பெஞ்சுல குறட்டை விட்டவர்."

தையல்காரர் சிரிக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சாயங்காலமானா இப்படித்தான் டாக்டர். உடம்பு கொதிக்கும், அப்புறம் வேர்த்து ஊத்தும். இதைத் தூக்கித் தூக்கியே ஆள் பாதியாயிட்டார்." மனைவி நாயைப் பார்த்தாள். "நாய் மேல எனக்கென்ன பகை? இவர் படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மகாராணி அவர் மடியில் தலையை வைத்துப் பெருமூச்சு விட்டது. அவர் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மறுபடி படித்தார். "குட்டிகளைக் கொன்னதும் இதே கிருமிதான்," என்றார். ஊசியை எடுக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். இன்னைக்கே போயிடுங்க."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவ்வளவு தூரம் மறுபடியும் நாயை யார் தூக்கறது?"

"நாய் இங்கேயே இருக்கட்டும்மா. சீட்டு, குட்டி வாயில ஊதினவருக்கு."