சுஷி தேடியவன்

மதிய வெயில் ஜப்பானிய உணவுக்கடையின் கண்ணாடி வழியே மேசையில் விழுகிறது. பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் சமைக்காத பச்சை மீன் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட, ஆசையை அடக்கிவைத்திருந்தவள் இன்றுதான் சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த ஒரு சுஷியை வாயில் வைக்கிறாள். மீன் வெண்ணெயாகக் கரைகிறது. கண் தானாக மூடிக்கொள்கிறது. எதிரே பேருந்து ஓட்டுநர் சீருடையில் கணவன். அவன் தோளில் குழந்தை தூங்குகிறது. "இவ்வளவு பெரிய ஊர்ல இந்தக் கடைய எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்கிறாள். "நான் ஏறி இறங்காத கடை இல்ல. எல்லாத்துலயும் சாப்பிட்டுப் பாத்தேன்." "பச்சை மீன்னாலே உங்களுக்குக் குமட்டுமே!" "மத்த கடையில எல்லாம் மூச்சப் புடிச்சுக்கிட்டு முழுங்கினேன்." குழந்தையின் முதுகைத் தட்டியபடி அவன் வெட்கத்தோடு சிரிக்கிறான். "இங்க மட்டும் இன்னொண்ணு கேட்டு வாங்கினேன்." அவள் தட்டை மெல்ல அவன் பக்கம் நகர்த்துகிறாள்.