புதன்கிழமை லீவு

புகையிலை அடக்கும் கன்னத்தில் சாம்சனுக்கு ஆறாத புண். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. புற்று கழுத்துக்கு இறங்கிவிட்டதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"புதன்கிழமை லீவு வேணும் சார். ஸ்கேன் எடுக்கணும்."

"ஸ்கேனா? எத்தினி மாசம்யா?" என்றார் சூப்பர்வைசர் எழிலரசன். அந்த ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் மெஷின்களைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். புதன்கிழமை எனக்கு மெட்ராஸ்ல மீட்டிங். நீயும் வரலேன்னா, அப்புறம் வேலைக்கே வராதே!"

வேலை போனால் போகட்டும், கழுத்து மிஞ்சட்டும் என்று புதன்கிழமை மெட்ராஸுக்கு பஸ் ஏறினான் சாம்சன். ஸ்கேன் சென்டரில் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், கழுத்தெல்லாம் பசை தடவி மல்லாந்து கிடந்தார் எழிலரசன்.

தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"சாம்சா, இன்னிக்கு நீ டியூட்டியிலதான் கீறே. ரெண்டு மணி நேரம் ஓ.டி.யும் போட்டுடறேன். கம்பெனியில மட்டும் வாயைத் தொறக்காதே."